முப்பது யூனிட்டில் ஒரு வீடு

புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடி. ஒரு வாடகை வீடு பிடித்தாகிவிட்டது. கையில் காசு குறைவு. முதலில் எதை வாங்குவது? கட்டிலா, சாப்பாட்டு மேசையா, துணி வைக்க அலமாரியா? எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இருக்கிற தலைவலிதான் இது. ஆனால் 1943-ல் பிரிட்டனில் குடித்தனம் தொடங்கியவர்களுக்கு இன்னொரு தலைவலியும் சேர்ந்துகொண்டது. காசு இருந்தாலும் புது நாற்காலி வாங்க முடியாது! அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டில் இத்தனை யூனிட் என்று எழுதியிருக்கும். கடைக்குப் போனால் அங்கே இருப்பதும் அரசாங்கம் முடிவு செய்த டிசைனில் செய்த சாமான்கள் மட்டுமே.

இதற்குப் பெயர் யுடிலிட்டி பர்னிச்சர் திட்டம். 1942-ல் தொடங்கி 1952 வரை, ஏறக்குறைய பத்து வருடம் நடந்தது. ஒரு நாட்டின் அரசாங்கமே உட்கார்ந்து, 'குறைந்த காசில் ஒரு வீட்டுக்கு என்னென்ன வேண்டும், அவை எப்படி இருக்க வேண்டும்' என்று பட்டியல் போட்ட கதை இது. போர்க்காலக் கட்டாயத்தில் பிறந்த திட்டம்தான். ஆனாலும் அதற்குள் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. காசு இல்லாதவன் வீட்டில் எது நல்ல பொருள், எது அழகான பொருள் என்று யார் முடிவு செய்வது?

தவணையில் வந்த சோபா

கதையைப் புரிந்துகொள்ள 1930-களுக்குப் போக வேண்டும். 1930-ல் வந்த வீட்டு வசதிச் சட்டத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் நகரங்களில் குடிசைப் பகுதிகளை இடித்துவிட்டு, அங்கிருந்த குடும்பங்களை நகராட்சி கட்டிய புது வீடுகளுக்கு மாற்றினார்கள். பல ஊர்களில் மாறும்போது ஒரு சடங்கு உண்டு. மூட்டைப்பூச்சி இருக்கும் என்று சொல்லி, கட்டில் மெத்தை முதற்கொண்டு எல்லாவற்றையும் மூடிய வண்டியில் ஏற்றி விஷவாயு அடித்து, அதற்குப் பிறகுதான் புது வீட்டுக்குள் விடுவார்கள். பழைய சாமான் என்றாலே அவமானம் என்ற எண்ணம் வருவதற்கு இது போதாதா?

புது வீடு, பெரிய அறைகள், போட சாமான் இல்லை. அங்கேதான் தவணைக் கடைக்காரர்கள் வந்தார்கள். முன்பணம் கொஞ்சம், மீதியை வாரா வாரம். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் கௌரவக் குறைச்சல் அல்லவா? அதனால் கடை பெயர் எழுதாத வண்டியில் கொண்டுவந்து இறக்குவோம் என்று விளம்பரமே செய்தார்கள். ஒரு சோபாவும் இரண்டு கை வைத்த நாற்காலிகளும் சேர்ந்த செட், பளபளவென்று பாலிஷ் போட்ட அலமாரி, பாட்டில்கள் வைக்கத் தனியாக ஒரு பெட்டி... எல்லாம் வாரத் தவணையில்.

பளபளப்புக்குக் கீழே இருந்த சரக்கு பல நேரங்களில் மட்டம். மெல்லிய ப்ளைவுட், பசையில் ஒட்டிய அலங்கார வளைவுகள், ஆணி அடித்த மூட்டுகள். தவணை முடியும் முன்பே கால் ஆடும். அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. பெரும்பாலான தவணைகளைக் கட்டி முடித்த பிறகு ஒன்றிரண்டு வாரம் தவறினால், சில வியாபாரிகள் ஆளை அனுப்பிச் சாமானைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கட்டிய பணமும் போச்சு, சோபாவும் போச்சு! தூக்கி வந்த சாமானை மறுபடி வேறொருவருக்கு விற்றுவிடலாம்.

ஜாரோ தொகுதியின் எம்.பி.யாக இருந்த எல்லன் வில்கின்சன் என்ற தொழிற்கட்சிப் பெண்மணி இதை எதிர்த்துத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1938-ல் அது சட்டமானது. விலையில் மூன்றில் ஒரு பங்கு கட்டிவிட்டால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பொருளைத் தூக்க முடியாது என்று ஆனது. ஆக, மலிவு விலை பர்னிச்சர் என்பது அப்போதே அரசியல் விஷயமாகிவிட்டது. ஏமாறாமல் வாங்க வழி பிறந்தது. ஆனால் வாங்குகிற பொருள் நல்ல பொருளா என்பதற்கு எந்தச் சட்டமும் இல்லை.

குண்டு விழுந்தது, மரம் நின்றது

1939-ல் போர் வந்தது. பிரிட்டன் தனக்குத் தேவையான மரத்தில் பெரும்பகுதியைக் கப்பலில் இறக்குமதி செய்துகொண்டிருந்த நாடு. ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் கடலில் காத்திருக்க, வருகிற கப்பலில் மரத்தை ஏற்றுவதா, கோதுமையை ஏற்றுவதா? இருக்கிற மரமும் ராணுவத்துக்கே போதவில்லை. ப்ளைவுட் விமானத்துக்குப் போனது. புகழ்பெற்ற மஸ்கிட்டோ விமானத்தின் உடம்பே மரத்தால் ஆனதுதான். அதைச் செய்யும் வேலையில் பர்னிச்சர் தொழிற்சாலைகளும் ஈடுபட்டன.

இன்னொரு பக்கம், 1940 செப்டம்பர் முதல் 1941 மே வரை லண்டன் முதலான நகரங்களில் குண்டு மழை. லட்சக்கணக்கான வீடுகள் சேதமாயின. வீட்டோடு கட்டில், மேசை, பாத்திரம் எல்லாம் போயின. போருக்குப் போகும் முன் அவசர அவசரமாகக் கல்யாணம் செய்துகொண்ட ஜோடிகள் வேறு. தேவை மலைபோல, சரக்கு கடுகுபோல. பிறகென்ன நடக்கும்? பழைய சாமான் கடைகளில் விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. ஆடுகிற மேசைக்கும் புது மேசை விலை!

1942 பிப்ரவரியில் வர்த்தகத் துறைக்குத் தலைவராக வந்த ஹ்யூ டால்டன் ஒரு முடிவு எடுத்தார். துணிக்கு ஏற்கெனவே 'யுடிலிட்டி' என்ற பெயரில் கட்டுப்பாடு இருந்தது. அதையே பர்னிச்சருக்கும் கொண்டுவருவது. இருக்கிற கொஞ்சம் மரத்தில் ஆளுக்கொரு விதமாகச் செய்து வீணாக்க வேண்டாம். எல்லோரும் ஒரே டிசைனில், ஒரே அளவில், ஒரே விலையில் செய்யட்டும் என்பது திட்டம். 1942 ஜூலையில் ஒரு ஆலோசனைக் குழு அமைந்தது. சார்லஸ் டென்னிசன் தலைவர். வியாபாரிகளும் டிசைனர்களும் மட்டுமல்லாமல், ஏழைகளின் வீட்டு வசதிக்காக வேலை செய்த எலிசபெத் டென்பி, லீட்ஸ் நகரில் குடிசை மாற்று வேலையில் முன்நின்ற பாதிரியார் சார்லஸ் ஜென்கின்சன் போன்றவர்களும் அதில் இருந்தார்கள்.

கார்டன் ரஸ்ஸல் என்ற மனிதர்

அந்தக் குழுவில் முக்கியமானவர் கார்டன் ரஸ்ஸல். 1892-ல் பிறந்தவர். இவருடைய அப்பா காட்ஸ்வோல்ட் பகுதியில் பிராட்வே என்ற கிராமத்தில் ஒரு பழைய சத்திரத்தை வாங்கி ஹோட்டல் நடத்தினார். அந்த ஹோட்டலுக்கான பழங்கால மரச்சாமான்களைப் பழுது பார்க்கும் பட்டறையில்தான் ரஸ்ஸல் தொழில் கற்றார். கையால் செய்த பொருளின் நேர்மை, மரத்தை மரமாகவே காட்டுவது, தேவையில்லாத அலங்காரம் கூடாது என்ற கைவினை இயக்கத்தின் கொள்கைகள் அவருக்கு ரத்தத்தில் ஊறியவை.

ஆனால் அந்த இயக்கத்துக்கு ஒரு பெரிய குறை இருந்தது. 'எல்லா மக்களுக்கும் நல்ல பொருள்' என்று சொல்லிக்கொண்டே, பணக்காரர்கள் மட்டும் வாங்கக்கூடிய விலையில் செய்தார்கள். கையால் செய்தால் விலை கூடத்தானே செய்யும்! இயந்திரத்தை வைத்துக்கொண்டே நேர்மையாகச் செய்ய முடியாதா என்பது ரஸ்ஸலின் கேள்வி. அவருடைய நிறுவனம் 1930-களில் ரேடியோப் பெட்டிகளைத் தொழிற்சாலையில் பெரிய அளவில் செய்து பார்த்திருந்தது. போர் வந்து எல்லாக் கடைகளின் கதவையும் மூடியபோது, நாடு முழுவதுக்கும் அதைச் செய்து காட்ட அவருக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அரசாங்கத்துக்கு இது மரம் மிச்சம் பிடிக்கும் திட்டம். ரஸ்ஸலுக்கோ, நாட்டின் சாதாரண வீடுகளில் உள்ள பொருள்களின் தரத்தையே உயர்த்தும் திட்டம். இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஏறினார்கள், ஆனால் போக நினைத்த ஊர் வேறு.

எப்படிச் செய்தார்கள்?

டிசைனர்கள் சிலரிடம் மாதிரிகள் கேட்டு, அதில் எட்வின் கிளிஞ்ச், ஹெச்.ஜே. கட்லர் என்ற இருவரின் மாதிரிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இருவரும் ஹை விக்கம் ஊரைச் சேர்ந்த தொழில்காரர்கள். ஹை விக்கம் என்றால் நாற்காலிக்குப் பெயர்போன ஊர். 1942 அக்டோபரில் லண்டனில் மாதிரிகளைக் கண்காட்சியாக வைத்தார்கள். 1943 தொடக்கத்தில் பட்டியல் புத்தகம் வந்தது. படுக்கையறை, சாப்பாட்டு அறை, சமையலறை, குழந்தைகளுக்கான சாமான் எல்லாம் சேர்த்துச் சுமார் முப்பது பொருள்கள், அவ்வளவுதான்.

பார்க்க எளிமை. ஆனால் தச்சு வேலையில் சமரசம் கிடையாது. ஓக் அல்லது மகோகனி மரத்தில் சட்டம். ஒரு கட்டையின் முனையை இன்னொரு கட்டையில் வெட்டிய துளைக்குள் இறுக்கும் பழைய தச்சு முறை. ஆணிக்குப் பதில் ஸ்க்ரூ. ப்ளைவுட் கிடைக்காததால், மர நாரை அழுத்திச் செய்த ஹார்ட்போர்டு பலகை மேல் மெல்லிய மரத் தகடு ஒட்டிப் பயன்படுத்தினார்கள். உலோகம் மிச்சமாக வேண்டும் என்று இழுப்பறையின் கைப்பிடியும் மரத்திலேயே! வளைவு, பூ, சிங்கக் கால் எதுவும் கிடையாது. ஒவ்வொரு பொருளிலும் இரண்டு வட்டத் துண்டுகளும் 41 என்ற எண்ணும் சேர்ந்த சி.சி.41 முத்திரை. வெட்டி எடுத்த சீஸ் கட்டி போல இருந்ததால் மக்கள் அதை 'சீஸ்' என்றே கூப்பிட்டார்கள்.

விலையை அரசாங்கம் நிர்ணயித்தது. 1940-ல் வந்த விற்பனை வரி இதற்கு இல்லை. யார் செய்தாலும் அதே அளவு, அதே தரம். தவணைக் கடையின் பளபளப்பில் ஏமாந்த குடும்பத்துக்கு முதல்முறையாக ஒரு உத்தரவாதம் கிடைத்தது: வாங்குகிற மேசையின் கால் ஆடாது. இது சின்ன விஷயம் இல்லை. 1944-ல் எர்கோல் நிறுவனத்தின் லூசியன் எர்கோலானியிடம் அரசாங்கம் ஒரு லட்சம் சமையலறை நாற்காலிகள் கேட்டது. ஒன்றின் விலை 10 ஷில்லிங் 6 பென்ஸ். பரம்பரையாகக் கையால் செய்துவந்த வின்ட்ஸர் வகை நாற்காலியை அந்த விலையில் இயந்திரத்தில் செய்வது எப்படி என்று எர்கோலானி மண்டையை உடைத்துக்கொண்டு செய்தும் காட்டினார். போருக்குப் பிறகு அந்த நிறுவனம் நிமிர்ந்து நின்றது இந்த நாற்காலியின் காலில்தான்.

யூனிட் கணக்கு

சரி, வாங்குவது எப்படி? நம்மூர் ரேஷன் கார்டு மாதிரிதான். ஆனால் எல்லோருக்கும் கிடையாது. 1941 ஜனவரி 1-க்குப் பிறகு கல்யாணம் ஆகிப் புதிதாக வீடு போடுகிறவர்கள், குண்டில் சாமானை இழந்தவர்கள், குழந்தை பிறக்கப்போகிற அல்லது வளர்கிற குழந்தைகள் உள்ள வீட்டுக்காரர்கள். இவர்கள் விண்ணப்பம் போட வேண்டும். முதலில் அதிகபட்சம் 60 யூனிட் என்று அறிவித்தார்கள். மரம் போதாமல் சீக்கிரமே அது 30 ஆகக் குறைந்தது. குழந்தைகளுக்குக் கூடுதல் யூனிட் உண்டு.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண். சாதாரண நாற்காலிக்குக் குறைவு, அலமாரிக்கு அதிகம். யூனிட் கொடுத்தால் பொருள் இலவசம் என்று நினைத்துவிட வேண்டாம். யூனிட்டும் கொடுக்க வேண்டும், காசும் கொடுக்க வேண்டும். முப்பது யூனிட்டில் வீடு முழுக்க நிரப்ப முடியாது. கட்டிலும் அலமாரியும் எடுத்தால் சாய்ந்து உட்காரும் நாற்காலி இல்லை. நாலு பேர் சாப்பிட மேசை நாற்காலி எடுத்தால் துணி பெட்டியிலேயே கிடக்கட்டும் என்று விட வேண்டும். பட்ஜெட் போட்டு வீடு அமைப்பது பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்துவிட்டன. ஆனால் 'எது இல்லாமல் இருக்க முடியும்' என்ற கேள்வியை இவ்வளவு கறாராக ஒரு நாடே கேட்டுக்கொண்டது அபூர்வம்.

சுவருக்கும் ஜன்னலுக்கும்

மரச்சாமான் மட்டுமா வீடு? சுவர், ஜன்னல், தரை எல்லாம் இருக்கிறதே. வால்பேப்பர் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே சுண்ணாம்புப் பூச்சு மாதிரியான டிஸ்டெம்பரை அடித்து, அது காய்ந்ததும் வேறு நிறத்தில் நனைத்த ஸ்பாஞ்சை ஒற்றி ஒற்றிப் பூப்போட்ட சுவர் போல ஆக்கினார்கள். கிழிந்த கோட்டையும் பாவாடையையும் பட்டை பட்டையாக வெட்டிச் சாக்குத் துணியில் குத்திக் கோத்துத் தரை விரிப்பு செய்தார்கள். இது வடக்கு இங்கிலாந்துத் தொழிலாளர் வீடுகளில் பல தலைமுறையாக இருந்த பழக்கம்தான். ஆரஞ்சுப் பழம் வந்த மரப்பெட்டியை நிமிர்த்தி வைத்து முன்னால் ஒரு துண்டுத் துணி தொங்கவிட்டால் அதுவே படுக்கையோர அலமாரி!

திரைச்சீலை, நாற்காலி உறைத் துணியிலும் அரசாங்கம் கை வைத்தது. எனிட் மார்க்ஸ் என்ற பெண் டிசைனரிடம் அந்த வேலை வந்தது. அவருக்குக் கிடைத்தவை சில வகை நூல்களும் நான்கு நிறங்களும் மட்டுமே: துரு நிறம், பச்சை, நீலம், சாயம் போடாத இயல்பு நிறம். பெரிய பூ டிசைன் என்றால் இரண்டு துண்டுகளைப் பொருத்தித் தைக்கும்போது துணி வீணாகும். அதனால் கோடு, கட்டம், நட்சத்திரம் என்று சின்னச் சின்ன வடிவங்களைத் திரும்பத் திரும்ப வைத்தார். எங்கே வெட்டினாலும் வீணாகாது. கையில் இருப்பது குறைவு என்பதையே டிசைனாக மாற்றிய புத்திசாலித்தனம் இது. சின்ன அறைக்குச் சின்ன வடிவம் பொருத்தமாகவும் இருந்தது.

பிடித்ததா, பிடிக்கவில்லையா?

இங்கேதான் கதை திரும்புகிறது. பொருள் உறுதியானது, விலை நியாயமானது. மக்கள் கொண்டாடியிருக்க வேண்டுமே? பழைய சாமான் கடையில் பணத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி என்பது உண்மை. ஆனால் 'ஆஸ்பத்திரி சாமான் மாதிரி இருக்கிறது', 'எல்லார் வீடும் ஒரே மாதிரி இருக்கிறது' என்ற முணுமுணுப்பும் இருந்தது.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டிஷ் தொழிலாளர் வீடுகளில் முன்னறை என்று ஒன்று உண்டு. வீட்டிலேயே நல்ல சாமான் எல்லாம் அங்கேதான். வாரத்தில் ஆறு நாள் பூட்டியே கிடக்கும். ஏழு பேர் சமையலறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள், முன்னறை காலியாக இருக்கும். இது என்ன வீண் என்று சீர்திருத்தக்காரர்கள் கேட்டார்கள். ஆனால் அந்த அறைக்குத்தான் டாக்டரும் பாதிரியாரும் வருவார்கள். மகளைப் பார்க்க வரும் பையன் அங்கேதான் உட்காருவான். வீட்டில் யாராவது இறந்தால் உடலை அங்கேதான் வைப்பார்கள். அங்கே இருந்த பளபளப்பான அலமாரியில் பொருளைவிட மானம்தான் அதிகமாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. அலங்காரம் இல்லாத அலமாரியைப் பார்த்ததும் ரஸ்ஸலுக்கு நேர்மை தெரிந்தது. வறுமையை மறைக்கவே வாழ்நாள் முழுக்கப் பாடுபட்ட ஒரு குடும்பத் தலைவிக்கு அதில் வறுமை தெரிந்தது. இரண்டு பேர் கண்ணும் பொய் சொல்லவில்லை.

1946-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 'பிரிட்டனால் செய்ய முடியும்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. கற்பனைக் குடும்பங்களை உருவாக்கி, இன்ன தொழில் செய்பவர் வீடு இப்படி இருக்கலாம் என்று அறை அறையாக அலங்கரித்து வைத்தார்கள். 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். ஆனால் அங்கே இருந்த பல பொருள்கள் ஏற்றுமதிக்குத்தான், உள்ளூரில் கிடைக்காது. பத்திரிகைக்காரர்கள் கண்காட்சியின் பெயரையே 'பிரிட்டனுக்குக் கிடைக்காது' என்று மாற்றிக் கிண்டல் செய்தார்கள். ஏங்கிக்கொண்டிருந்தவர்களிடம் ரசனைப் பாடம் எடுத்தால் எப்படி ஏறும்?

பிராங்பர்ட்டில் முன்பே நடந்தது

நிபுணர் வரைந்த வீடும் குடியிருப்பவர் வாழ்ந்த வீடும் வேறு வேறாக இருந்தது பிரிட்டனில் மட்டுமல்ல. 1925 முதல் 1930 வரை ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் எர்ன்ஸ்ட் மே தலைமையில் ஆயிரக்கணக்கான மலிவு வீடுகள் எழுந்தன. பழைய பெரிய சாமான்கள் புது வீட்டின் சின்ன அறைகளில் நுழையவில்லை. அதனால் பெர்டினாண்ட் கிராமர் என்பவர் எளிய மரச்சாமான்களை வடிவமைத்தார். வேலையில்லாத தொழிலாளர்கள் அவற்றைச் செய்தார்கள். நகராட்சியே விற்றது.

சமையலறையை மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற இளம் பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.44 மீட்டர். ரயில் சாப்பாட்டுப் பெட்டியின் சமையலறையைப் பார்த்து, ஒரு வேலைக்கு எத்தனை அடி எடுத்து வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அலமாரி, தொட்டி, மேசை எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார். அதன் செலவு வாடகையோடு சேர்ந்துவிட்டது. சுமார் 10,000 வீடுகளில் பொருத்தினார்கள். பெண்களின் உழைப்பைக் குறைக்க வேண்டும் என்பது அவருடைய உண்மையான அக்கறை. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து நின்று வேலை செய்ய அங்கே இடமில்லை. சமையலறையிலேயே மேசை போட்டுச் சாப்பிட்டுப் பழகியவர்கள் எங்கே உட்காருவது என்று முழித்தார்கள். அதை வடிவமைத்த சமயத்தில் தனக்குச் சமையல் அனுபவமே கிடையாது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்! ஆனாலும் இன்று உலகம் முழுக்க இருக்கிற 'மாடுலர் கிச்சன்' என்பதற்கு அந்தச் சின்ன அறைதான் பாட்டி. நிபுணரின் கணக்கு தப்பில்லை. அந்தக் கணக்கில் குடியிருப்பவரைச் சேர்க்க மறந்ததுதான் தப்பு.

கட்டுப்பாடு போனது, பளபளப்பு வந்தது

1948-ல் யூனிட் முறை முடிவுக்கு வந்தது. உற்பத்தியாளர்கள் தங்கள் டிசைனில் செய்யவும் அனுமதி கிடைத்தது. 1952-ல் திட்டமே முடிந்தது. வளைந்த கால், பளபள பாலிஷ், பெரிய சோபா செட் எல்லாம் திரும்பி வந்தன. தவணையும்தான். பத்து வருடம் நல்ல பொருளோடு வாழ்ந்தால் மக்களின் ரசனை மாறிவிடும் என்று நினைத்தவர்களுக்கு இது ஏமாற்றமே. ஆனால் பத்து வருடம் ஒரே சாப்பாடு போட்டால், அது எவ்வளவு சத்தான சாப்பாடாக இருந்தாலும், கதவு திறந்ததும் ஆள் பலகாரக் கடைக்குத்தான் ஓடுவான் இல்லையா?

ஒன்றும் மிஞ்சவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1953-ல் அதே ஹை விக்கம் ஊரில் ஈ. கோம் என்ற நிறுவனம் ஜி-பிளான் என்ற பெயரில் பர்னிச்சர் கொண்டுவந்தது. எளிய வடிவம்தான். ஆனால் முழு செட்டாக வாங்க வேண்டியதில்லை. இந்த வருடம் ஒரு மேசை, அடுத்த வருடம் ஒரு அலமாரி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம், எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்தும். யுடிலிட்டி போட்ட பாதைதான், ஆனால் எதை எப்போது வாங்குவது என்ற முடிவு இப்போது குடும்பத்தின் கையில். அதே எளிமை அனுமதிச் சீட்டில் வந்தபோது முணுமுணுத்தவர்கள், ஆசைப்பட்டு எடுத்தபோது ரசித்தார்கள்.

ரசனையைத் திருத்தும் ஆசையும் விட்டபாடில்லை. 1987-ல் பிரிட்டனில் முதல் கடை திறந்த ஸ்வீடன் நிறுவனமான ஐகியா, 1996-ல் டி.வி.யில் ஒரு விளம்பரம் விட்டது. பூப்போட்ட பழைய திரைச்சீலையையும் உறைகளையும் தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்று பெண்கள் பாடிக்கொண்டே வீட்டைக் காலி செய்வார்கள். அன்று அரசாங்கக் குழு மெல்லச் சொன்னதைத்தான் கடைக்காரர் பாட்டாகப் பாடினார்!

கடைசியில் எது நின்றது?

1974-ல் லண்டன் ஜெஃப்ரி அருங்காட்சியகத்தில் யுடிலிட்டி சாமான்களுக்காகவே ஒரு கண்காட்சி வைத்தார்கள். 'ஆஸ்பத்திரி சாமான்' அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டது! அந்த அலமாரிகளில் பலவற்றின் கதவு எழுபது எண்பது வருடத்துக்குப் பிறகும் சரியாக மூடுகிறது. முத்திரையைத் தேடிப் பார்த்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

தரம் என்பதைச் சட்டத்தால் கொண்டுவர முடியும். மூட்டு ஆடக்கூடாது, விலை இதற்கு மேல் போகக்கூடாது, தவணை தவறினால் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. இதையெல்லாம் ஏழைக்காக அரசாங்கம் செய்ய முடியும், செய்யவும் வேண்டும். யுடிலிட்டி திட்டத்தின் வெற்றி அது. ஆனால் தரத்தை உறுதி செய்கிற கையே ரசனையையும் எழுதிக் கொடுக்கும்போது, வாங்குகிறவன் விருந்தாளி மாதிரி ஆகிவிடுகிறான். நல்ல நாற்காலிதான், ஆனால் அவனுடைய நாற்காலி இல்லை.

கூர்ந்து பார்த்தால், அந்த முப்பது யூனிட் வீடுகளில் அந்தந்தக் குடும்பத்தின் கைரேகை பதிந்த இடம் அலமாரி இல்லை. ஸ்பாஞ்சால் ஒற்றிய சுவரும், அப்பாவின் பழைய கோட்டில் பின்னிய விரிப்பும், துணி தொங்கிய ஆரஞ்சுப் பெட்டியும்தான். அவற்றுக்கு யூனிட் கிடையாது. அந்தப் பகுதியை எந்தக் குழுவும் டிசைன் செய்யவும் இல்லை.